அலுவலகக் கட்டடத்தை வீடாக்க உதவி வேணும்

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிக்குக் கிட்ட மாமாவின்ர மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கு. வாடகைக்கு இருந்த அலுவலகம் 2023இல் போனபிறகு மேல் இரண்டு மாடியும் பூட்டித்தான் கிடக்கு. வாடகை வீடு தேடி எவ்வளவு சனம் அலையுது! அதை நாலு வீடாக்க விரும்புறம்.

பிரச்சினை கழிவறைக் குழாய். இப்ப கழிவறை பின்மூலையில் மட்டும். முன்வீடுகளுக்கு அங்கிருந்து 12 மீற்றர். நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு வைச்சால் கிட்டத்தட்ட ஒரு அடி இறங்கும். கீழால விட பீம் மறிக்குது. தளத்தை உயர்த்தினால் கூரை உயரம் 8 அடிக்கும் குறையும். பக்கச் சுவர் எல்லையிலேயே நிற்கிறதால வெளியாலும் விடேலாது.

மேசன் பீமைத் துளைக்கலாம் எண்டார். படம் கீறுறவர் கூடவே கூடாது எண்டார், எனக்கும் அதுதான் சரியாப்படுது. முன்பக்கம் புது மலக்குழி வெட்டுறதும் பயம்: அடியில் சுண்ணாம்புக்கல், பக்கத்து வளவுக் கிணறு கிட்ட, கழிவு நேரே தண்ணீருக்குப் போயிடும். மாநகர சபையில் பயன்பாட்டு மாற்ற அனுமதி கேட்க, முதலில் வரைபடம் கொண்டுவரச் சொன்னவை.

பீமைத் தொடாமல் முன்வீட்டுக் கழிவைப் பின்பக்கம் இருக்கிற மலக்குழிக்குக் கொண்டுபோக, இப்படிக் கட்டடம் மாத்தின ஆராவது என்ன வழி செய்தனீங்கள்?