டி அண்ட் டி விளையாடுறவங்களை ஒழுங்காக் காட்டின நாடகம் ஒண்டு சொல்லுங்கோ, அம்மாவுக்குக் காட்டணும்

இருபதுமுகன் (உப்புவெளி):

வணக்கம். கேள்வி சின்னன், கதை கொஞ்சம் நீளம்.

நாங்க அஞ்சு பேர். ஞாயிறு பின்னேரம் எங்கட வீட்டு மேல்மாடியில டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாடுவம்; ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, கட்டை உருட்டி, வாயாலயே கதை நடத்துற மேசை விளையாட்டு. கதையை நடத்துற டிஎம் நான்தான். விதிப் புத்தகம் இலவசமாக் கிடைக்கிற அடிப்படை பிடிஎஃப்; பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வச்சிருக்கு. டைஸ் ஒரே ஒரு செட், ஸ்காபரோவில இருந்து மச்சாள் கொண்டுவந்த ஏழு கட்டை. கதையில வாற நிலவறைப் படமெல்லாம் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில கீறுறது. ஒன்றரை வருசமா அம்மா ஒண்டும் சொன்னதில்ல. "தாயம் உருட்டித்தான் பாண்டவர் நாட்டை விட்டவை" எண்டு ஒருக்காச் சொன்னா, அவ்வளவுதான். நாலு மணிக்குப் பிளேன்ரீ தவறாம மேல வரும்.

போன மாசம் தங்கச்சி ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் எண்ட அமெரிக்கத் திகில் தொடரின்ட நாலாவது சீசன் பாக்க, அம்மா பக்கத்தில இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவ. முதல் எபிசோட். பாத்தாக்களுக்குத் தெரியும்: பள்ளிக்கூடத்தில எடி எண்ட நீளமயிர்ப் பெடியன் சிம்மாசனம் மாதிரி ஒரு கதிரையில இருந்து விளையாட்டை நடத்துறான். எல்லாற்ற சேட்டிலயும் கொம்பு வச்ச பிசாசுத் தலை. எரிக்கா எண்ட பிள்ளை கடைசி உருட்டில, இருபதுமுகக் கட்டையில ஆகக்கூடின இருபது போட, எல்லாரும் துள்ளிக் கத்துறாங்கள். எனக்கு அந்த இடம் உயிர். அதே எபிசோட் முடிவில, அதே எடியின்ட ட்ரெய்லர் வீட்டுக்குள்ள, ஒரு பிள்ளை கூரை மட்டும் மிதந்து போய் கை கால் முறிஞ்சு சாகுது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் பேச்சு பிடிபடாது. கட்டை, பிசாசுச் சேட்டு, செத்த பிள்ளை. மூண்டையும் தானே கூட்டிக் கணக்குப் பாத்திட்டா. அந்தச் சீசன் முழுக்கச் சொல்ல வாறதே "ஊர்ச்சனம் இந்தப் பெடியன்ல அநியாயமாப் பழி போடுது" எண்டதுதான். ஆனா அம்மா குற்றப்பத்திரிகையைக் கேட்டிட்டுச் சுளகோட எழும்பிப் போயிட்டா, தீர்ப்புக்கு இருக்கேல்ல.

அடுத்த நாள் பத்திரகாளி கோயில் நூல் என்ட கையில. மேல்மாடிக்குப் பூட்டு.

பிறகு திருக்கோணமலைக் கோட்டைக்குள்ள மரநிழல்ல பாய் விரிச்சு விளையாடிப் பாத்தம். கோணேசர் கோயிலுக்குப் போற வழியில நிக்கிற மான் ஒண்டு வந்து, எங்கட மந்திரவாதிப் பாத்திரத்தின்ட விவரம் எழுதின தாளை, கேரக்டர் ஷீட்டை, திண்டுட்டுது. பகிடி இல்ல. ஏழாவது லெவல் மந்திரவாதி, அரைத்தாள் மிஞ்சினது. பெயரும் காலணி அளவும் மட்டும் தப்பிச்சுது. காலணி அளவை எழுதினவனை இண்டைக்கும் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம்.

எனக்கு விளங்காதது இதுதான். ரி.வியில ஒண்டு பிசாசு, இல்லாட்டி பெட்டை பாக்காத கண்ணாடிக்காரப் பெடியங்கள். மேசை முழுக்க அழிறப்பர் தூள் கிடக்கிறதையோ, ஒரு கதவைத் திறக்கிறதுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் வாதாடுறதையோ ஒருத்தரும் காட்டினதில்ல. உள்ளதை உள்ளபடி காட்டின ஏதும் இருக்கா?

மனையாவெளி மாஸ்டர்:

தம்பி, அம்மாவில பிழை சொல்லாதையும். அவ இப்ப பயப்படுறதை அமெரிக்காக்காரர் நாற்பது வருசத்துக்கு முன்னமே ரி.வியில பயந்து முடிச்சிட்டினம்.

விளையாட்டு வெளியானது 1974இல. 1979இல மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில 16 வயசு மாணவன் ஒருத்தன் காணாமப் போனான். தேடப்போன தனியார் துப்பறிவாளர், பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருந்த நீராவிச் சுரங்கத்துக்குள்ள விளையாடித் தொலைஞ்சிருக்கலாம் எண்டு பேப்பர்காரருக்குச் சொல்ல, அது பத்திப்பிடிச்சுது. பெடியனுக்கு உண்மையில மனச்சோர்வு, வேற நெருக்கடியள். விளையாட்டு காரணமில்லை எண்டு அந்தத் துப்பறிவாளரே பிறகு எழுதினார். ஆனா அதுக்கு முன்னமே அந்தச் செய்தியின்ட சாயலில நாவல் வந்து, 1982 டிசம்பரில சிபிஎஸ் ரி.வியில 'மேஸஸ் அண்ட் மொன்ஸ்ரர்ஸ்' எண்டு படமும் வந்திட்டுது. நடிச்சது ரொம் ஹாங்ஸ், அப்ப பெரிசாப் பெயரில்லாத ஆள். விளையாட்டும் நிஜமும் பிரிச்சறியாம, நியூயோர்க் இரட்டைக் கோபுரத்தில இருந்து குதிக்கப் போவார். 1985இல '60 மினிட்ஸ்' எண்ட ரி.வி செய்தி நிகழ்ச்சியும் இந்த விளையாட்டு பிள்ளையளைக் கெடுக்குதா எண்டு கேட்டுது. விளையாட்டை உண்டாக்கின இருவரில ஒருத்தரான கேரி கைகாக்ஸையும் கூப்பிட்டு இருத்தி வச்சுத்தான் கேட்டவை.

நீர் சொல்ற எடி இருக்கிறானே, அவனை எழுதினவை இந்தக் காலத்தைத்தான் திருப்பிப் பாக்கினம். உம்மட அம்மா அதை 1985ஆம் ஆண்டுக் கண்ணால பாத்திருக்கிறா, அவ்வளவுதான்.

கொட்டியாரத்தாள்:

மாஸ்டர் சரித்திரம் சொல்லிட்டார், நான் அப்பாவைச் சொல்றன். மூதூர்ப் பக்கம் என்ட அப்பா காத்தவராயன் கூத்து ஆடினவர். கழுமரம் ஏறுற இடத்தில பாத்துக்கொண்டிருக்கிற பொம்பிளையள் அழுவாங்க. விடிய ஆடி முடிய முகத்தைக் கழுவிட்டு வலை இழுக்கப் போவார். அவரை ஒருத்தரும் பைத்தியம் எண்டு சொல்லேல்ல. கூத்தில உடுப்பு இருக்கு, மத்தளம் இருக்கு, சனத்துக்குக் கண் நிறையக் காட்ட ஏதோ இருக்கு. தம்பியின்ட விளையாட்டில என்ன இருக்கு? அஞ்சு பேர் கதிரையில இருந்து கதைக்கிறாங்கள். கமராவுக்கு அங்க வேலையே இல்ல. அதனாலதான் எடுக்கிறவங்கள் உண்மையான பூதத்தைக் கொண்டுவந்து விடுறாங்கள், இல்லாட்டி விளையாடுறவனை விசராக்குறாங்கள்.

கமராவை மேசையை விட்டு அசையவிடாத ஒண்டு இருக்கு. 'கொம்யூனிட்டி' எண்ட நகைச்சுவைத் தொடர், இரண்டாவது சீசன், 14வது எபிசோட், 2011. உடம்பைச் சொல்லிப் பகிடி பண்ணினதால மனமுடைஞ்சு போன நீல் எண்ட பெடியனைத் தேத்த, கூட்டாளியள் சேந்து விளையாடுறாங்கள். தன்னைக் கூப்பிடேல்ல எண்ட கோவத்தில பியேர்ஸ் எண்ட கிழவர் உள்ள புகுந்து அவன்ட வாளைப் பறிக்கிறார். காடு, குதிரை, பறக்கும்நாகம் ஒண்டும் திரையில வராது. கதையை நடத்துற ஏபெட் சொல்லச் சொல்ல, சத்தம் மட்டும் பின்னால கேக்கும். ஒண்டு கவனம்: அதில ஒருத்தர் இருட்டு எல்ஃப் எண்ட கற்பனை இனத்து ஆள் எண்டு முகத்தில கறுப்புப் பூசி வாறதால 2020இல நெட்ப்ளிக்ஸ் அந்த எபிசோட்டைத் தூக்கிட்டுது. அந்த இடம் எனக்கும் பிடிக்காது.

அம்மா வானொலி நாடகம் கேட்டு வளந்தவவா? அப்ப பக்கத்தில இருந்து தமிழில சொல்லிக் குடுங்கோ, பிடிச்சிடுவா.

துரும்பு304:

மச்சான், 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' எண்ட தொடரின்ட கடைசி எபிசோட்டை விட்டுட்டீங்களே. 2000ஆம் ஆண்டு வந்தது. பள்ளிக்கூடத்துச் சண்டியன் டானியல், தண்டனையா வந்த இடத்தில கீக் எண்டு மற்றவை பகிடி பண்ணுற பெடியளோட டி அண்ட் டி விளையாட இருக்கிறான். கார்லோஸ் எண்ட குள்ளன் பாத்திரம் எடுத்து, கடைசியில அவன்தான் நாளைக்கும் விளையாடுவமா எண்டு கேக்கிறவன். பிசாசு இல்ல, சாவு இல்ல. நீ சொன்ன கண்ணாடிக்காரப் பெடியளின்ட 'பிக் பேங் தியரி'யைக் காட்டிப்போடாத, அம்மா கலியாணத் தரகரைக் கூப்பிடுவா.

அது சரி, அம்மா 304 சீட்டு விளையாடுறவதானே? கட்டையை அவட கையில குடுத்துப் பாரன்.

இருபதுமுகன் (உப்புவெளி):

எல்லாருக்கும் நன்றி, முக்கியமா கொட்டியாரத்தாள் அக்காவுக்கு. ரெண்டு கிழமை கழிச்சு இப்பதான் திரும்பி வந்து எழுதுறன்.

கொம்யூனிட்டி எபிசோட்டை மச்சாளிட்டக் கேட்டு எடுத்தன். அந்த முகப்பூச்சு இடத்தை ஓட்டிவிட்டன். மிச்சத்துக்கு நான் பக்கத்தில இருந்து சொல்லச் சொல்ல, அம்மா வெங்காயம் உரிச்சபடி கேட்டா. பத்து நிமிசத்தில ரி.வியைப் பாக்கிறதை விட்டிட்டா, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தா. இலங்கை வானொலி நாடகக் காலம் திரும்பி வந்தமாதிரி. கிழவன் வாளைப் பறிச்ச இடத்தில மட்டும் "அறுவான்" எண்டா.

துரும்பு, கட்டையைக் குடுத்துப் பாத்தன். கையில வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்து, "சோகிதான் நல்லம், இது உருண்டு ஓடுது" எண்டு திருப்பித் தந்திட்டா.

மேல்மாடி திறந்தாச்சு. போன ஞாயிறு பிளேன்ரீ கொண்டுவந்தவ, படியில நிண்டு கொஞ்சநேரம் கேட்டா. நாங்க அப்பவும் அதே கதவுக்கு முன்னாலதான். ஒருத்தன் பூட்டைக் கிளப்பப் பாக்கிறான், மற்றவன் உள்ள பொறி இருக்கும் எண்டுறான், புது மந்திரவாதி பெயரும் காலணி அளவும் மட்டும் எழுதிப்போட்டு மிச்சத்தை யோசிச்சுக்கொண்டிருக்கிறான்.

"பேய் பிசாசு இல்ல எண்டு விளங்குது," எண்டா அம்மா. "ஆனா ஒரு கதவுக்கு மூண்டு ஞாயித்துக்கிழமையாடா?"

அதுக்கு என்னட்டப் பதில் இல்ல. வாற ஞாயிறும் அந்தக் கதவுதான்.