பச்சை உடம்புக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பொங்கோல்காரி:

வணக்கம் அக்காமார்களே. எனக்கு இப்போது 34 வாரம், முதல் பிள்ளை. ஊரிலிருந்து அம்மா வருவதாகத்தான் இருந்தது, போன மாதம் மூட்டு அறுவை சிகிச்சை ஆனதால் அவரால் வர முடியாது. மாமியாரும் இல்லை. இங்கே சிங்கப்பூர் வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான், பணிப்பெண் கிடையாது, ஒரு மாதத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கையில் அவ்வளவு காசும் இல்லை. பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் வாங்கி அடுக்கியாயிற்று. முந்தாநாள் இரவு கணவர் சாதாரணமாக "சரி, உனக்கு என்ன வாங்கினாய்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, முன்னால் பொத்தான் வைத்த ஒரு நைட்டிகூட.

இணையத்தில் தேடினால் "தாய்க்கான இயற்கைப் பெட்டி" என்று 180 வெள்ளிக்கு (டாலருக்கு) விற்கிறார்கள். மூலிகைக் குளியல் பொட்டலம், ஒரு களிம்பு, தையலுக்கு அடிக்கும் தெளிப்பான், தேநீர். அம்மா ஃபோனில் சொல்லும் பட்டியலோ வேறு: பிரசவ லேகியம், பூண்டு, நல்லெண்ணெய், பால் சுறா, வேப்பிலை, சாம்பிராணி, வயிற்றைக் கட்ட அப்பாவின் பழைய வேட்டி (அதை ஏற்கெனவே ஒரு உறவினர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார்). இதில் எது உண்மையிலேயே உதவும், எது அலமாரியில் தூங்கும்? எனக்குக் கர்ப்பகால நீரிழிவு இருக்கிறது, இன்சுலின் இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே சமாளிக்கிறேன். அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

இரண்டு வாலுகளின் அம்மா:

பெட்டியை வாங்காதே தங்கச்சி. முதல் பிள்ளைக்கு நான் வாங்கினேன், அதில் உருப்படியாகப் பயன்பட்டது ஒரே ஒரு பொருள்தான், மூக்கு வளைந்த பிழிபோத்தல். அதைத் தனியாக வாங்கினால் சில வெள்ளிதான் ஆகும். சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை அதில் நிரப்பிக் கீழே பீய்ச்சிக்கொண்டால் தையல் எரியாது. முதல் தடவை கழிவறைக்குப் போகிற பயம் இருக்கிறதே, அதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை பெற்றதைவிட நான் அழுதது அன்றைக்குத்தான்.

அடுத்தது பட்டை. சாதாரண மாதவிடாய்ப் பட்டை போதாது, நீளமான பிரசவப் பட்டை வேண்டும், முதல் நான்கைந்து நாள்களுக்குப் பெரியவர்கள் போடும் கால்சட்டை டயப்பரே இன்னும் வசதி. வெட்கப்படாமல் வாங்கு, இரவில் படுக்கை நனையுமோ என்று பயப்படாமல் தூங்கலாம். வீட்டில் இருக்கும் சில பட்டைகளைச் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்து உறைபெட்டியில் வைத்துக்கொள், முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்துக்கு ஒரு மெல்லிய துணியைச் சுற்றி 10 நிமிடம் வைத்தால் போதும். இதற்கு விட்ச் ஹேசல் என்ற செடியின் சாற்றையும் ஊற்றுவார்கள், நானும் ஊற்றினேன், ஆனால் எனக்கு ஆறுதல் தந்தது அந்தக் குளிர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கழிவறை இருக்கையின் மேல் உட்காரும் ஒரு பிளாஸ்டிக் பேசின் கிடைக்கும், இடுப்புக் குளியலுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் நாளுக்கு இரண்டு தடவை, 10 அல்லது 15 நிமிடம். மூலிகைப் பொட்டலம் போடாமல் வெறும் தண்ணீரில் உட்கார்ந்தாலே போதும். வலி குறைவதோடு, அந்த 15 நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கலாம், அதுவே பாதி மருந்து!

மார்புக் காம்பு வெடித்தால் லானோலின் தடவு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு, பால் கொடுக்கும் முன் துடைக்கத் தேவையில்லை. பணம் செலவழிக்க மனமில்லையென்றால் சொந்தப் பாலில் இரண்டு சொட்டு தடவிக் காயவிடு. ஆனால் நான் மூன்று வாரம் களிம்பு களிம்பாகத் தடவிய பிறகுதான் தெரிந்தது, பிள்ளை வாய் வைக்கும் விதமே தப்பு என்று. பாலூட்டல் ஆலோசகர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார். அதனால் மருத்துவமனையில் இருக்கும்போதே அவரைக் கூப்பிட்டு வைத்துக் காட்டச் சொல், வீட்டுக்கு வந்தபின் நகர மனம் வராது.

தேக்கா ஆயா:

இந்தக் காலத்துப் பிள்ளைகள் போத்தல், பேசின் என்று பேசுகிறீர்கள், சரி. நான் 1979இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் மூத்தவளைப் பெற்றேன். மலாயில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று அர்த்தம், அதைச் சொல்லியே என் வீட்டுக்காரர் கேலி செய்வார். மூன்றாம் நாள் வீடு வந்ததும் என் அம்மா கையில் லேகியத்தோடு நின்றார்.

லேகியம் கடையில் வாங்காதேம்மா, செய்துகொள். சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், இவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து இடித்துச் சலித்துக்கொள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிப் பாகு வைத்து, பொடியைத் தூவிக் கிளறி, நல்லெண்ணெயும் நெய்யும் மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே இரு, கையில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு. சாமான் எல்லாம் தேக்காவில், சிராங்கூன் சாலைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். "பிள்ளை பெற்ற சரக்கு" என்று கேட்டால் கட்டியே கொடுத்துவிடுவார்கள், ஆனால் பிரித்துப் பார்த்து வாங்கு.

குளிப்பதற்கு வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். நல்லெண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டும், அது உனக்கு இல்லை. எங்கள் புளோக்கில் ஒரு மலாய் மக்சிக் (வயதான அம்மா) இருந்தார், அவர்தான் என் இளைய மகள் பிள்ளை பெற்றபோது வந்து அவளுக்கு உடம்பு பிடித்து, நீளத் துணியால் முடிச்சு முடிச்சாக வயிற்றைக் கட்டிவிட்டார். பெங்கோங் என்பார்கள். நம் வேட்டிக் கட்டைவிட நன்றாக நின்றது, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா. பால் சுறாப் புட்டு வாரம் மூன்று நாள் சாப்பிடு, பால் பொங்கும். தண்ணீர் மட்டும் அதிகம் குடிக்காதே, வயிறு வைத்துவிடும்.

இரவுப்பணி தாதி:

ஆயா, லேகியப் பக்குவம் எனக்கும் வேண்டும், எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் மன்னிக்கவும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், இரும்புச் சத்து மாத்திரை வேறு சாப்பிடுவாள், தண்ணீரும் குறைந்தால் மலம் கட்டிக்கொண்டு தையலோடு படும் பாட்டை வாரம் ஒருத்தியிடமாவது பார்க்கிறேன். வயிறு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் தண்ணீர் இல்லை, கருப்பை மெல்ல மெல்லத்தான் சுருங்கும், ஆறு வாரம் வரை ஆகும். வெந்நீராகவே குடிக்கட்டும், சீரகம் போட்டும் குடிக்கட்டும்.

பால் சுறாவும் வாரம் மூன்று நாள் வேண்டாம். மற்ற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சுறா அந்த வகை. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அதைத் தவிர்ப்பது நல்லது. நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களில் அந்தத் தொல்லை குறைவு. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை தாராளமாக.

பொங்கோல்காரி, உங்களுக்கு நீரிழிவு இருப்பதால் லேகியத்தில் கவனம். கருப்பட்டியும் சர்க்கரைதான், பெயர்தான் வேறு. இந்த நீரிழிவு பிரசவத்தோடு பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனாலும் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அந்தச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்யும் சோதனையை விட்டுவிடாதீர்கள், கைக்குழந்தையோடு அலைவதற்குச் சோம்பல்பட்டு நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பால் ஊற வெந்தயத்தை மாத்திரையாக அள்ளி விழுங்குவதும் வேண்டாம், அது ரத்தச் சர்க்கரையை இறக்கும், குழம்பில் தாளிக்கிற அளவு சரி.

கடை லேகியம் பற்றி ஆயா சொன்னது நூற்றுக்கு நூறு. இங்கே சீன மருந்துத் தயாரிப்புகளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும், நம்முடைய பாரம்பரிய மருந்துகளுக்கு அப்படி முன் அனுமதி கிடையாது, விற்கிறவர்தான் பொறுப்பு. சில ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. லேபிளே இல்லாமல் டப்பாவில் வருவதை வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போது அந்த வேட்டி. அப்பாவின் பெட்டியிலிருந்து வந்தது என்றால் அதில் பாச்சை உருண்டை வாசம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஆள்கள், மலாய்க்காரர், சீனர் எல்லாரிடமும் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள பிள்ளைகள் பிறக்கிறார்கள், அதனால்தான் இங்கே பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்டால், மூச்சில் போனாலும், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை கடுமையாகும். ஊரிலிருந்து வந்த பழைய துணி எதுவானாலும் துவைத்துப் பல நாள் வெயிலில் போடுங்கள், வாசம் போகாவிட்டால் பிள்ளை பக்கமே கொண்டு வராதீர்கள். மருதாணியும் அதே கதை. தாய்க்கு அழகாக இருக்கும், அந்தப் பிள்ளையின் தோலில் வைத்தால் ஆபத்து. சாம்பிராணிப் புகை எந்தப் பிள்ளைக்குமே வேண்டாம், வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் ஜன்னலையும் சாத்திவிட்டுப் போட்டால் பெரியவர்களுக்கே இருமும்.

வயிற்றுக் கட்டு சுகமாக இருந்தால் கட்டலாம், மூச்சு விட முடியாத அளவுக்கு வேண்டாம். சிசேரியன் ஆகிவிட்டால் எண்ணெய், பிடித்துவிடுதல் எல்லாவற்றையும் மருத்துவரைக் கேட்டபின் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கணவரிடமும் சொல்லி வையுங்கள். ரத்தப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும், சிவப்பு மெல்ல மங்கி வெளுக்கும், அது சாதாரணம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பட்டை முழுக்க நனைந்தால், எலுமிச்சம்பழ அளவுக் கட்டி விழுந்தால், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், தலை பிளந்து கண் மங்கினால், லேகியம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு. கண் மங்கும் தலைவலி பிரசவம் முடிந்து சில வாரம் கழித்துக்கூட ரத்த அழுத்தத்தால் வரலாம்.

புது அப்பா:

நடுவில் ஒரு ஆண் வருகிறேன், திட்டாதீர்கள். எங்களுக்கும் உதவிக்கு ஆள் இல்லை. பிள்ளை குடிமகனாக இருந்தால் அப்பாவுக்கு இப்போது 4 வாரச் சம்பள விடுப்பு உண்டு, 2025 ஏப்ரலிலிருந்து முதலாளி தந்தே ஆக வேண்டும். நான் இரண்டு வாரத்தை உடனேயும் மீதியைப் பிறகும் எடுத்தேன், பிறகு எடுத்ததுதான் அதிகம் உதவியது. முதல் வாரத்தில் எல்லாரும் சாப்பாடு கொண்டுவருவார்கள், மூன்றாம் வாரம் ஒருவரும் வரமாட்டார்கள்.

உங்கள் கணவரை இப்போதே பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், இஞ்சித் துவையல் மூன்றும் செய்யக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் ரசத்தில் மிளகை அளவு தெரியாமல் போட்டு மனைவி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி சிவப்புப் பேரீச்சம் டீ வடித்து ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார், பப்பாளிக்காய் மீன் சூப்பும் வந்தது. என் மாமியார் ஊரிலிருந்து "பப்பாளிக்காயா!" என்று அலறினார். கர்ப்பத்தில் வேண்டாம் என்பதைத்தான் அவர் பிரசவத்துக்குப் பிறகும் நீட்டிக்கொண்டிருந்தார், இவள் இரண்டு கிண்ணம் குடித்தாள்.

பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று: நீளமான ஒயருள்ள சார்ஜர். கேட்டால் சிரிப்பீர்கள், பால் கொடுக்க உட்கார்ந்தவளால் எழுந்து போக முடியாது. அப்புறம், என் மனைவி 10ஆம் நாள்வரை காரணமில்லாமல் அழுதாள், அது தானாகச் சரியானது. இரண்டு வாரத்தைத் தாண்டியும் அது போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று மருத்துவமனைத் தாதி சொல்லி அனுப்பியிருந்தார், அதனால் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொங்கோல்காரி:

எல்லாருக்கும் நன்றி, இரண்டு தடவை படித்துவிட்டேன். பெட்டி வாங்கவில்லை. பிழிபோத்தல், பேசின், டயப்பர், லானோலின், இரண்டு நைட்டி என்று எல்லாம் சேர்த்தே அதில் பாதிகூட ஆகவில்லை. வேட்டியை முகர்ந்து பார்த்தேன், பாச்சை உருண்டை வாசம் தூக்கி அடித்தது. மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. அப்பாவின் வேட்டி என்பதால் தூக்கிப் போட மனமில்லை, இரண்டு உறைக்குள் கட்டி வீட்டுக்கு வெளியே சாமான் அறையில் வைத்திருக்கிறேன். வயிற்றுக்குப் புதுத் துணி வாங்கிக்கொள்கிறேன்.

சுறா வேண்டாம் என்று சொன்னதும் அம்மா ஃபோனை வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, "சரி, நெத்திலியாவது நல்லதாகப் பார்த்து வாங்கு" என்றார். லேகியத்தில் கருப்பட்டியை என்ன செய்வது, ஆயா?

தேக்கா ஆயா:

தண்ணீர் விஷயத்தில் தாதிப் பிள்ளை சொல்வதைக் கேள், என் இளையவளும் அப்போது மலச்சிக்கலில் கஷ்டப்பட்டாள்தான், இப்போது யோசித்தால் அதனால்தான் போலிருக்கிறது. உனக்குப் பாகு வேண்டாம். அந்தப் பொடியையே கொஞ்சமாக இடித்து வைத்துக்கொண்டு, சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டு முதல் உருண்டைக்கு மட்டும் பிசைந்து சாப்பிடு, அங்காயப்பொடி சாப்பிடுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போகாதே, இந்த வயிற்றோடு கூட்டத்தில் நசுங்குவாய், வார நாளில் காலையில் வீட்டுக்காரரை அனுப்பு. கண்டந்திப்பிலி குச்சி மாதிரி இருக்கும், அரிசித்திப்பிலி சின்னக் கதிர் மாதிரி இருக்கும், இரண்டையும் ஃபோனில் படம் பிடித்துக் காட்டி வாங்கச் சொல். ஆம்பிளைகளிடம் வெறும் "திப்பிலி" என்றால் ஒன்றை மட்டும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.