காலி வண்டியில் 70-க்கு மேல் நடுக்கம், லோடு ஏற்றினால் நின்றுவிடுகிறது. எதைப் பிரிப்பது?

பின்கதவு:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டீசல் பிக்கப். சிங்கிள் கேபின், பின்சக்கர இயக்கம், பின்னால் லீஃப் பட்டை (அடுக்குத் தகடு ஸ்பிரிங்). கைமாறி வந்த வண்டிதான் என்றாலும் இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது மூன்று தொல்லைகள் சேர்ந்துகொண்டன.

முதலாவது நடுக்கம். காலியாக ஓட்டும்போது 70 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து 85 வரை சீட்டுக்கு அடியிலும் தரையிலும் 'ர்ர்ர்' என்று ஒரு அதிர்வு. ஸ்டியரிங் அமைதியாக இருக்கிறது. பாதி லோடு ஏற்றினாலே அதிர்வு காணாமல் போய்விடுகிறது. இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. லோடு ஏறினால் கெட்டுப்போக வேண்டிய வண்டி, லோடு ஏறினால் சரியாகிறது.

இரண்டாவது பிரேக். லோடோடு வரும்போது முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது. மிதி ஆழமாகப் போகவில்லை, வண்டிதான் தள்ளிப் போய் நிற்கிறது. மூக்கு நன்றாகக் குனிகிறது.

மூன்றாவது சின்ன விஷயம். ராத்திரி காலியாக வரும்போது டிம் லைட் வெளிச்சம் பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது.

இதுவரை செய்தது: நான்கு சக்கரமும் பேலன்சிங், அலைன்மென்ட், முன்பக்கம் புது பிரேக் பேட், பிரேக் லைனில் காற்று எடுத்தது, ஹெட்லைட் பல்பு இரண்டும் மாற்றியது. பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்ததால் இதற்கெல்லாம் முன்பே இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டாகிவிட்டது, அது நன்றாக இருக்கிறது. ஒரு மெக்கானிக் கிளட்ச் பிளேட் என்கிறார், இன்னொருவர் பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்கிறார். எதை முதலில் பிரிப்பது?

ஸ்பேர்வீல்:
ப்ரோ, ஒரு தடவை பேலன்சிங் செய்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தமில்லை. பின்பக்க ரிம் வளைந்திருக்கலாம், டயர் உள்பக்கம் புடைத்திருக்கலாம். பின்சக்கரத்தை முன்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்குக்கு வந்தால் டயர்தான். செலவில்லாத சோதனை.

நாலாம்கியர்:
சென்டர் பேரிங் ரப்பர் பார்த்தீர்களா? கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) இரண்டு துண்டாக இருக்கும் வண்டியில் நடுவில் சேஸிஸோடு தொங்கும் பேரிங். அதைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்தால் இப்படித்தான் அதிரும். கையால் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டினால் தெரிந்துவிடும்.

பட்டறைப்பழசு:
இருவர் சொன்னதும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் தம்பி, கிளட்சையும் தொட வேண்டாம், டிஃபரன்ஷியலையும் தொட வேண்டாம். "அது நன்றாக இருக்கிறது" என்று ஓரமாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்தக் கூடுதல் பட்டை, அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். மூன்று தொல்லைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லோடு வண்டிகளின் அடியிலேயே காலம் தள்ளுகிறவன் நான். நடுக்கம் என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்பது "எப்போது வருகிறது, எப்போது போகிறது" என்றுதான். அதை நீங்களே தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். காலியில் வருகிறது, லோடில் போகிறது. கிளட்ச் பிளேட்டுக்கு வண்டியில் லோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பட்டைக்குத் தெரியும்.

சக்கரமா ஷாஃப்டா என்பதை அதிர்வின் வேகத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். 80 கி.மீ. வேகத்தில் உங்கள் அளவு டயர் நொடிக்கு ஏறக்குறைய 10 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 4-க்கு 1 என்று வைத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை சுற்றும். டயர் கோளாறு என்றால் 'தட் தட்' என்று மெதுவான ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட் என்றால் நீங்கள் எழுதிய அதே 'ர்ர்ர்' தரையில் வரும். இன்ஜின், கிளட்சைத் தள்ளிவைக்க ஒரு சோதனை: அதே 75-ல் நாலாவது கியரிலும் ஐந்தாவதிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறியும் அதிர்வு மாறாவிட்டால் கியர்பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் எதுவும் காரணமில்லை.

அப்புறம் கோணம். ஷாஃப்டில் இருக்கும் கிராஸ் (கூட்டல் குறி வடிவில் இருக்கும் மூட்டு) சாய்ந்து சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். சாய்வு குறைவாக இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு முனையில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை மறுமுனை கிராஸ் சரிக்கட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்கு இரண்டு முனையிலும் சாய்வு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், கிராஸைப் பிடித்திருக்கும் கவை, அதாவது யோக், இரண்டும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பட்டை கூடினால் காலி வண்டியின் பின்பக்கம் எழும்பும், ஆக்சில் சேஸிஸை விட்டுக் கீழே விலகும், ஷாஃப்ட் இன்னும் அதிகமாகச் சாயும். பட்டை வளைந்ததால், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளும் வேறு கோணத்தில் நின்று, டிஃபரன்ஷியல் மூக்கையும் கொஞ்சம் திருப்பிவிடும். சாய்வும் கூடி, சமமும் கெட்டுவிடுகிறது. லோடு ஏற்றியதும் பின்பக்கம் இறங்கிப் பழைய கோணத்துக்கு வருகிறது, அதிர்வு நிற்கிறது.

பிரேக்குக்கு வருவோம். பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ போகும். அது ஒரு வால்வோடு இணைந்திருக்கும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று அந்த வால்வு முடிவு செய்யும். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாதே, அதற்காக. இப்போது உங்கள் வண்டியில் லோடு ஏற்றினாலும் பழையபடி இறங்குவதில்லை. வால்வு "இன்னும் காலிதான்" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் கட்டிப்போடுகிறது. முழு வேலையும் முன்னால் விழுகிறது, அதனால்தான் மூக்கு குனிகிறது. புது பேடும் சீக்கிரம் தேயும். (வால்வு இல்லாமல் ஏபிஎஸ்ஸே இதைப் பார்த்துக்கொள்ளும் வண்டிகளும் உண்டு. உங்களுடையது எது என்று குனிந்து பார்த்தால் தெரியும்.)

லைட் கணக்கு சுலபம். வீல்பேஸ் 3 மீட்டர், பின்பக்கம் 4 செ.மீ. எழும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு தரையிலிருந்து 80 செ.மீ. உயரம், 100-க்கு 1 என்ற இறக்கத்தில் வைத்திருந்தால் டிம் வெளிச்சத்தின் விளிம்பு 80 மீட்டரில் தரையைத் தொடும். அந்த 4 செ.மீ. சேர்ந்ததும் 35 மீட்டருக்குள் வந்துவிடும். பல்பு மேல் பழி போட்டுப் பயனில்லை.

பாடியில் மணல் மூட்டைகளை ஏற்றி, பழைய உயரம் வரும்வரை இறக்கி ஓட்டிப் பாருங்கள். கோணமும் அளந்துவிடுங்கள். போனில் இருக்கும் லெவல் ஆப் போதும். முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஃபிளேன்ஜ் (ஷாஃப்ட் வந்து சேரும் தட்டு) மூன்றின் சாய்வையும் குறித்து, பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். கிராஸ் ஒவ்வொன்றிலும் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, இரண்டுக்கும் நடுவே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆக்சில் தொங்கினால் எண் பொய். சர்வீஸ் குழி இருந்தால் வசதி. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. உள்ளே போனதும், ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டின் மரை நட்டுக்கு வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதையும் பாருங்கள்.

பின்கதவு:
அண்ணே, பெரிய நன்றி. சொன்னபடி பார்த்தேன்.

கியர் மாற்றி ஓட்டியதில் அதிர்வில் மாற்றமே இல்லை. மூட்டை ஏற்றியதும் 85 வரை சுத்தம். காலியில் நடு கிராஸில் 3.5 டிகிரி, பின் கிராஸில் 5.5 வருகிறது. மூட்டையோடு இரண்டுமே 2 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. சென்டர் பேரிங் ரப்பர் நன்றாக இருக்கிறது. வால்வும் கம்பியும் இருக்கின்றன, நீங்கள் சொன்ன அதே இடத்தில்.

யூ போல்ட் விஷயம்தான் இடிக்கிறது. மரை வெளியே தெரியவே இல்லை. ஒரு பக்கம் நட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. பட்டை போட்டவர்கள் பழைய போல்ட்டையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். கம்பியை வளைத்து வால்வைச் சரிசெய்யலாமா? ஆப்பு போட்டுக் கோணத்தைத் திருப்பலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

பட்டறைப்பழசு:
முதலில் யூ போல்ட். அதை மாற்றும்வரை லோடு ஏற்ற வேண்டாம். ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நான்கு போல்ட்தான். அது தளர்ந்தால் பாரம் முழுவதும் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் மேல் விழும். சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். பட்டைக் கட்டின் கனம் கூடினால் நீளமான போல்ட் வேண்டும் என்பது பட்டறைக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி. ஒருமுறை முழுதாக இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், திரும்ப மாட்டக் கூடாது. புதிதாகப் போட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது குறுக்கு மாற்றி நான்கையும் சமமாக இறுக்க வேண்டும். டார்க் அளவு உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும். கொஞ்ச தூரம் லோடோடு ஓடிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பட்டைகள் படிந்து போல்ட் தளர்வது சாதாரணம்.

கம்பியை வளைக்க வேண்டாம். அந்த வால்வை அழுத்தமானி வைத்துத்தான் அமைக்க வேண்டும். கண்ணால் பார்த்து வளைத்தால் ஈரச் சாலையில் காலி வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

ஆப்பு என்று சொன்னது சரியான வழிதான். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் சரிவுத் தகடு. ஆனால் அது பின் கிராஸை மட்டும் சரிசெய்யும். நடு கிராஸ் 3.5-லேயே நிற்கும், பிரேக்கும் லைட்டும் அப்படியேதான் இருக்கும். நானாக இருந்தால் கூடுதல் பட்டையைக் கழற்றிவிடுவேன். பின்பக்கம் ஏன் தொங்கியது என்று யாராவது பார்த்தார்களா? நல்ல பட்டை சும்மா தொங்காது. பட்டைக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். ஒன்றாவது உடைந்திருக்கும், இல்லையென்றால் எல்லாம் கூன் தளர்ந்து நேராகியிருக்கும். உடைந்ததை மாற்றலாம், தளர்ந்ததற்குப் புது செட் போடலாம். அதிக லோடு ஏற்றத்தான் கூடுதல் பட்டை என்றால் ஒன்று சொல்கிறேன்: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மொத்த எடை அளவு பட்டை போட்டதால் கூடிவிடாது. ஆக்சில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவைதான்.

ஷாஃப்டைக் கழற்றினால் கழற்றும் முன் பெயின்ட்டால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் யோக் வரிசை கெட்டு, புது நடுக்கம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கின மாதிரி ஆகிவிடும்.

ஸ்பேர்வீல்:
பேலன்சிங் என்று சொன்ன நான் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். :)

பின்கதவு:
வேலை முடிந்தது. கட்டைப் பிரித்ததும் வலது பக்கம் இரண்டாவது பட்டை சென்டர் போல்ட் துளைக்குக் குறுக்கே உடைந்திருந்தது. இடுக்கில் துரு ஏறியிருந்ததால் பழைய உடைப்பு என்கிறார்கள். கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் அந்தப் பட்டையை மட்டும் புதிதாக மாற்றினோம். சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதியவை. பின் கிராஸைக் கழற்றிப் பார்த்ததில் ஊசி பேரிங் அழுந்திய தடம் வரிவரியாகத் தெரிந்தது, அதையும் மாற்றியாகிவிட்டது.

காலியில் 90 வரை ஓட்டினேன், நடுக்கம் இல்லை. லோடோடு பிரேக் முன்பு போலப் பிடிக்கிறது, வால்வைத் தொடவே இல்லை. லைட்டும் தானாகவே சரியான தூரத்துக்குப் போய்விட்டது.

ஒன்று மட்டும் மிச்சம். சிக்னலில் நின்ற அடுத்த நொடி, பின்னால் யாரோ லேசாக இடித்த மாதிரி ஒரு 'டொக்'. கிளம்பும்போதும் சில சமயம்.

பட்டறைப்பழசு:
அது ஷாஃப்டின் நீளும் பகுதி, ஸ்லிப் யோக். நிற்கும்போது ஆக்சில் திரும்பிப் பழைய இடத்துக்கு வரும், அதற்கேற்ப ஷாஃப்டின் நீளமும் கொஞ்சம் மாற வேண்டும். பல்வரிசை காய்ந்திருந்தால் மாட்டிக்கொண்டு சட்டென்று விடும், அதுதான் சத்தம். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை. நிப்பிள் இல்லையென்றால் கழற்றித் துடைத்து மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவ வேண்டும். ஷாக்கிள் புஷ்ஷையும் ஒரு கம்பி விட்டு நெம்பிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் அதுவும் இதே சத்தம் போடும்.

நாலாம்கியர்:
என் வண்டியிலும் இதே டொக். நிப்பிள் எங்கே இருக்கும்?

பட்டறைப்பழசு:
சென்டர் பேரிங்குக்குப் பின்னால், பின் ஷாஃப்டின் முன்முனையில் பாருங்கள். சேறு அப்பி மூடியிருக்கும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். நிப்பிளின் தலையைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைக்காதீர்கள், மண்ணும் சேர்ந்து உள்ளே போய்விடும்.