எந்தக் கணத்தில் ஒரு படம் உங்களை உள்ளே இழுத்தது?

வெள்ளவத்தைவாசி:
‘புரஹந்த களுவர’ என்ற சிங்களப் படம். வன்னிஹாமி மண்வெட்டியை எடுக்கும் இடம். பார்த்தவர்களுக்குத் தெரியும். 1997இல் எடுத்து, 2000இல் அரசு தடுத்து, நீதிமன்றம்வரை போய் வெளிவந்த படம். நான் பார்த்தது பல வருடம் கழித்து, கொழும்பில் ஒரு சிறிய திரையிடலில். என் சிங்களம் பஸ்ஸில் இறங்குமிடம் கேட்கத்தான் போதும். அன்று அது குறையாகவே தெரியவில்லை. முத்திரையிட்ட சவப்பெட்டி, இராணுவத்துக்குப் போன மகன் செத்ததை நம்பாத, கண் தெரியாத தகப்பன் வன்னிஹாமி. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லமாட்டேன். அவர் தோண்டத் தொடங்கியதும் பக்கத்திலிருந்த பெரியவர் தன் கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். விரல்முட்டிகள் வெளுத்திருந்ததைத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன். விளக்குப் போட்டதும் எழும்பிப் போய்விட்டார். ஒரு வார்த்தை கதைத்திருக்கலாம். எங்கள் வீட்டிலும் பெட்டி வராத மாமா ஒருவர் இருக்கிறார்.

கொட்டாஞ்சேனை ரவி:
மன்னிக்கவேண்டும், உங்களை உலுக்கியது உங்கள் மாமா. அதைப் படத்தின் கணக்கில் எழுதக்கூடாது. நான் ஒரு படத்தில் முழுதாகக் கரைந்திருந்தேன். தாய் கடிதத்தைப் பிரிக்கக் கை வைக்கிறாள், இடைவேளை! ரோல்ஸ் வாசனையும் கதவுச் சத்தமும். பிறகு அவள் கடிதத்தை வாசித்தாள், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. படத்தை வெட்டிய கைக்கும் இடைவேளை போட்ட கைக்கும் சம்பந்தமே இல்லை. எந்தத் தியேட்டர் என்று எழுதவில்லை.

தெஹிவளை அக்கா:
ரவி தம்பி, மாமாவை அந்த இருட்டுக்குள் கொண்டுவந்ததே படத்தின் வேலைதான். அழச் சொல்லி இசை தள்ளியிருந்தால் அந்தப் பெரியவர் தடியைப் பிடித்திருப்பாரா? எனக்கு அந்தக் கணம் ‘ரேகாவ’வில், கிராமத்து வெயிலில். முதல் சிங்களப் பேசும்படத்தைத் தென்னிந்திய ஸ்டூடியோவில் எடுத்தது 1947இல். 1956இல் ‘ரேகாவ’வுக்காக இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமெராவை வெளியே கொண்டுபோனார். அந்த வெயில் என் அம்மம்மா வீட்டு முற்றத்து வெயில், அவ்வளவுதான்.

இனி ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளே. கதைச்சுருக்கம் வாசிக்காமல் போங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய் இருட்டுக்குக் கண்ணைப் பழக்குங்கள். முன்வரிசை வேண்டாம், நடுவுக்குச் சற்றுப் பின்னால், திரை கண்ணை நிறைக்கும் இடத்தில் இருங்கள். கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள், ஒலியைக் குறைத்தால் போதாது. படம் முடிந்ததும் பெயர்கள் ஓடி முடியும்வரை எழும்பாதீர்கள். ஒலியைச் செய்தவர் பெயரை ஒருமுறையாவது வாசியுங்கள். பிடித்த காட்சியை வீட்டில் இரண்டு தடவை போடுங்கள். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு: நடிகர் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். மறுமுறை கண்ணை மூடிக்கொண்டு.

வெள்ளவத்தைவாசி:
நான் ஆலோசனை கேட்கவில்லை, அக்கா. ஆனால் நேற்றிரவு அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வன்னிஹாமிக்கு அது இப்படித்தான் நடந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. மண்வெட்டியின் நாலாவது வெட்டில் கண்ணைத் திறந்துவிட்டேன்.