புதுப்பிப்பு: ஆணி அடிக்காமல் குவில்ட் சுவர் தயார்

தக்கலையில் வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது, குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும் முன் துண்டுகளை அடுக்கிப் பார்க்க ஒரு சுவர் வேண்டும், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? முதலில் தெர்மாகோல் அட்டையை இருபக்க டேப் போட்டு ஒட்டினேன். ஆடிச் சாரலில் சுவர் ஓதம் இழுத்து, ஒரே வாரத்தில் பெயிண்டோடு உரிந்து விழுந்தது.

அப்புறம் இங்கே ஒரு அக்கா சொன்ன பைப் வழிதான் கைகொடுத்தது. வெள்ளை ஃபிளானல் துணியில் 6 அடி நீளத்துக்கு 2 துண்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, மேலேயும் கீழேயும் உறை மாதிரி மடித்துத் தைத்து பிவிசி பைப் நுழைத்தேன். மேல் பைப்பை ஏற்கெனவே இருந்த திரைக்கம்பியில் கயிற்றால் கட்டிவிட்டேன், கீழ்ப் பைப்பின் கனத்தால் ஃபேன் போட்டாலும் துணி ஆடவில்லை. பருத்தித் துண்டுகள் ஊசியே இல்லாமல் ஃபிளானலின் பஞ்சுமயிரில் பிடித்து நிற்கின்றன, பாலியஸ்டர்தான் வழுக்குகிறது.

துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள், பிடிமானம் போய்விடும். விருந்தாளி வந்தால் மேலே ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, துண்டுகளோடு அப்படியே சுருட்டி பீரோ மேல் வைத்துவிடுகிறேன். இப்போது முதல் குவில்ட்டின் 30 கட்டங்கள் அதில்தான் இருக்கின்றன!