முதல் பட்டதாரி, புதுமைப் பெண், மத்திய அரசு ஸ்காலர்ஷிப்: எதையெல்லாம் சேர்த்து வாங்கலாம்?

பொருநைக்கரை:
வணக்கம். தங்கைக்குக் கவுன்சிலிங்கில் பி.இ. இடம் கிடைத்திருக்கிறது, சுயநிதிக் கல்லூரி. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 6 முதல் 12 வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி. அப்பாவின் வருமானச் சான்றில் ஆண்டுக்கு 84,000. வீட்டில் டிகிரி முடித்தவர் யாரும் இல்லை, நான் ஐ.டி.ஐ. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் ஃபீஸ் முழுக்க அரசே கட்டும் என்கிறார்கள், அது இவளுக்கு உண்டா? முதல் பட்டதாரி சலுகை, புதுமைப் பெண், மத்திய அரசின் 12,000 ரூபாய் ஸ்காலர்ஷிப் மூன்றையும் ஒன்றாக வாங்க முடியுமா? ஒன்று வாங்கினால் இன்னொன்று போய்விடும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கேணியடி:
7.5 சதவீதம் கிடையாது. அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளி அதில் சேராது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: கட்டணத்தை அரசு ஏற்பது அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்துக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் பொதுக் கவுன்சிலிங்கில் வந்த இடத்தை எடுத்தால் அந்தப் பலன் வராது.

ஆகவே உங்களுக்குக் கட்டணத்தில் கை கொடுப்பது முதல் பட்டதாரி சலுகைதான். இதற்கு வருமான வரம்பும் கிடையாது, சாதியும் பார்ப்பதில்லை. ஆனால் பணமாகக் கைக்கு வராது, கல்விக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். கழிவதும் ஒரு பகுதிதான். பஸ், விடுதி, தேர்வுக் கட்டணமெல்லாம் உங்கள் தலையில்தான். கவுன்சிலிங் இடத்துக்கு மட்டும் உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. விண்ணப்பத்தில் முதல் பட்டதாரி என்று குறித்து, சான்றையும் மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியையும் ஏற்றியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

"வீட்டில் யாரும் டிகிரி இல்லை" என்றீர்கள். யார் யாரைக் கணக்கில் எடுத்தீர்கள்? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களோடு தாத்தா பாட்டியும் அதில் அடக்கம். கல்யாணமாகித் தனி ரேஷன் கார்டு வாங்கிப் போன அக்காவும் கூடப் பிறந்தவர்தான். அஞ்சல் வழியில் வாங்கிய பட்டமும் பட்டம்தான். உங்கள் ஐ.டி.ஐ. தடையில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை, அடுத்து தம்பி தங்கை யாராவது வந்தால் கேட்க முடியாது.

சேவைமையம்:
சான்று இன்னும் வாங்கவில்லை என்றால்: இ-சேவையில் அதன் எண் ஆர்.இ.வி-104. வருமானச் சான்று 103, சாதிச் சான்று 101. கட்டணம் 60 ரூபாய். முதலில் கேன் எண், அதாவது இ-சேவையில் உங்கள் விவரங்களைப் பதிந்து தரும் எண், வேண்டும். அது இருந்தால் பெயர், முகவரி எல்லாம் தானாக வந்து உட்காரும். அதில் ஏற்கெனவே பிழை இருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்து சான்றில் வந்து உட்காரும், பிறகு திருத்த அலைய வேண்டும். அனுப்புவதற்கு முன் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள்.

புகைப்படம், முகவரிச் சான்று, சுய உறுதிமொழி, இவற்றோடு குடும்பத்தினரின் பள்ளிச் சான்றுகள். மனு அதிகம் திரும்புவது இந்தக் கடைசி ஐட்டத்தில்தான். தங்கையின் டி.சி.யை மட்டும் வைத்து அனுப்புகிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன் எதுவரை படித்தார்கள் என்பதற்கும் தாள் கேட்பார்கள். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) தாண்டி துணை வட்டாட்சியரிடம் போகும். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வை நேரில் பாருங்கள். ஆன்லைன் என்றால் அலுவலகமே போக வேண்டாம் என்று அர்த்தமில்லை.

படிப்புப்படி:
மிச்ச இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

புதுமைப் பெண் என்பது கல்லூரியில் படிக்கும் மாணவிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களை 2024 டிசம்பர் 30 அன்று சேர்த்தார்கள். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு "எய்டடுக்குக் கிடையாது" என்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். உங்கள் தங்கைக்கு உண்டு. வேறு உதவித்தொகை வாங்குவதை இந்தத் திட்டம் தடுப்பதில்லை, எனவே முதல் பட்டதாரி சலுகையோடு தாராளமாகச் சேரும். விண்ணப்பம் கல்லூரி வழியாக யுமிஸ் என்ற கல்லூரி மாணவர் விவரத் தளத்தில். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார், சேர்ந்த வாரமே அவரைப் பிடியுங்கள். பள்ளி விவரம் எமிஸ் எண்ணை (பள்ளி மாணவர்களுக்குத் தரப்படும் அடையாள எண்) வைத்துச் சரிபார்க்கப்படும், ஆகவே பள்ளியிலிருந்து அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு ஸ்காலர்ஷிப் என்று நீங்கள் சொல்வது என்.எஸ்.பி. என்ற தேசிய உதவித்தொகைத் தளத்தில் வருகிற பி.எம்.-யு.எஸ்.பி. திட்டம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள். பிளஸ் டூவில் 80-வது பெர்சென்டைலுக்கு மேல். இதை 80 மதிப்பெண் சதவீதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. அதே போர்டில், அதே பிரிவில் தேர்வெழுதியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் நிச்சயமில்லை, நாடு முழுவதும் ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேருக்குத்தான், அதில் பாதி பெண்களுக்கு.

சிக்கல் எங்கே என்றால், வேறு உதவித்தொகை, மாநில அரசின் கட்டணச் சலுகை எதையும் வாங்குகிறவர்கள் இதற்குத் தகுதியில்லை என்பது அந்தத் திட்டத்தின் விதி. தமிழ்நாட்டுத் திட்டம் தடுக்கவில்லை என்றாலும் டெல்லித் திட்டம் தடுக்கிறது. ஆளுக்கு ஒன்று சொல்வது இதனால்தான். இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் பாதி சரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்தியத் திட்டத்தில் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000, பி.இ. நான்காம் வருடம் 20,000. புதுமைப் பெண்ணிலும் 12 மாதத்துக்கு அதே 12,000. கூடவே கட்டணச் சலுகையும் கையில் நிற்கிறது. மத்தியத் திட்டத்தில் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேறு வேண்டும். நான்காம் வருடத்து 8,000 கூடுதலுக்காக மற்ற இரண்டையும் விடுவது புத்திசாலித்தனம் இல்லை. மெட்ரிக் பள்ளியில் படித்து, வீட்டில் ஏற்கெனவே பட்டதாரி இருக்கும் பிள்ளைக்கு அது நல்ல திட்டம். உங்கள் வீட்டுக்கு இல்லை.

பொருநைக்கரை:
தெளிவாகப் புரிந்தது, நன்றி. இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் புதுமைப் பெண் அப்ரூவ் ஆகிவிட்டது, ஆனால் பணம் வரவில்லை. பேங்கில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு" என்கிறார்களாம்.

நேர்வரவு:
இதுதான் எல்லாரும் விழுகிற பள்ளம். லிங்க் வேறு, சீடிங் வேறு. கே.ஒய்.சி.க்காக, அதாவது வங்கி உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க, ஆதார் நகல் கொடுத்தால் அது லிங்க். அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்து வருவதற்கு என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பதிவேட்டில் உங்கள் எண்ணுக்கு நேராக ஒரு வங்கி எழுதப்பட்டிருக்க வேண்டும், அதுதான் சீடிங். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எங்கே சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும், விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண் கொடுத்திருந்தாலும் சரி. பள்ளி நாளில் ஒரு கணக்கு, பிறகு போனிலேயே திறந்த கணக்கு இன்னொன்று என்று இருந்தால், பணம் அந்த இரண்டாவதில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும்.

மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் வங்கி சீடிங் நிலை என்று ஒரு பகுதி இருக்கும். வங்கியின் பெயர், ஆக்டிவா இல்லையா, எந்தத் தேதியிலிருந்து, மூன்றும் தெரியும். கணக்கு எண் தெரியாது. அதே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் எதில் விழுகிறது என்று கிளையில்தான் கேட்க வேண்டும்.

கிளைக்குப் போனால் "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். "டி.பி.டி. வாங்க என்.பி.சி.ஐ. சீடிங் பண்ணணும்" என்று கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது. கொடுக்கும் படிவத்தில் புதிதாக சீடிங் செய்வது, வேறு வங்கியிலிருந்து மாற்றுவது என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மாற்றுவது என்றால் பழைய வங்கியின் பெயரையும் எழுத வேண்டும்.

சீடிங் ஆக்டிவ் என்று காட்டியும் வரவில்லையென்றால் கணக்கைப் பாருங்கள். மைனராக இருக்கும்போது திறந்த கணக்கு, 18 முடிந்ததும் புது கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுக்காவிட்டால் நின்றிருக்கும். இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கும் அப்படித்தான் முடங்கும்.

சேவைமையம்:
அதோடு பெயர். டி.சி.யில் "மு. கவிதா", ஆதாரில் "கவிதா முருகன்", பாஸ்புக்கில் "கவிதா மு". ஆங்கிலத்தில் ஒன்றில் டி மட்டும், இன்னொன்றில் டி-ஹெச். நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலில் இருப்பது போல ஆதாரை மாற்றுங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்தப் போனால் நாயாய் அலைய வேண்டும். ஆதார் மாறியதும் அதைக் கொண்டுபோய் வங்கியிலும் மாற்றிவிடுங்கள், தானாக மாறாது.

ஆலமரத்தடி:
இடையில் ஒரு கேள்வி. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு வரும் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான உதவித்தொகை) பணமும் இப்படித்தானா? ஒரு பையன் கணக்கில் பெரிய தொகை வந்திருக்கிறது, செலவு செய்யலாமா என்று கேட்கிறான்.

படிப்புப்படி:
தொடச் சொல்லாதீர்கள்! குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கான அந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், அது மாணவர் கணக்கிலேயே நேராக விழும். அதற்குள் கல்லூரிக் கட்டணமும் மாணவருக்கான படியும் கலந்திருக்கும். பி.இ. மாதிரி தொழிற்படிப்பில் படி ஆண்டுக்கு 13,500 விடுதி மாணவருக்கு, வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி.க்கு 6,000, 3,000. இது மாநிலப் பங்கும் சேர்த்த முழுத் தொகை. கட்டணப் பகுதியை 7 நாளுக்குள் கல்லூரியில் கட்ட வேண்டும். வந்ததைக் கல்லூரிக் கணக்குப் பிரிவில் காட்டி, கட்டணம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துக்கொண்டு, ரசீதும் வாங்கச் சொல்லுங்கள். பைக் வாங்கிவிட்டு ஹால் டிக்கெட் நேரத்தில் கையைப் பிசைவதுதான் வழக்கமாக நடக்கிறது. மாநிலம் தன் பங்கை விட்ட பிறகுதான் மத்தியப் பங்கு வரும், அதனால் இரண்டும் ஒரே நாளில் விழாது.

நேர்வரவு:
"ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று போன் வந்தால் கட் பண்ணிவிடுங்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை.

பொருநைக்கரை:
அந்தப் பெண்ணின் ஆதாரைப் பார்த்தோம். சீடிங் வேறொரு வங்கியில் இருக்கிறது, போனிலேயே திறந்த கணக்காம். நாளைக்குப் படிவம் கொடுக்கப் போகிறார்கள்.

நேர்வரவு:
கொடுக்கட்டும். அதற்கு முன் போனில் திறந்த அந்தக் கணக்கின் இருப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வராத பணம் அங்கேதான் இருக்கும்.