கிணற்றில் தண்ணீர் இருக்கு, குழாயில் வேகம் இல்லை: உங்கள் வீட்டில் என்ன காரணம்?

பள்ளத்தூர்க்காரன்:

முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பங்காளிகள் வந்து இறங்கும்போதுதான் எங்கள் வீட்டுக் குழாய்களின் லட்சணம் தெரியவரும். மற்ற நாளில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். போன தடவை நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு நிறைய ஆட்கள். முகப்புப் பக்கத்துப் பாத்ரூமில் குளிக்கப் போன பெரியப்பா, சோப்புப் போட்ட கையோடு "ஏம்ப்பா, மோட்டார் போடலையா?" என்று சத்தம் போடுகிறார். மேலே டேங்க் நிறைந்து வழிகிறது.

வந்த பிளம்பர் மோட்டாரைத்தான் மாற்றச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேல்டேங்க் வைத்த வீட்டில் மோட்டாரின் வேலை டேங்கை நிரப்புவதோடு முடிந்தது. குழாயில் வரும் அழுத்தம், டேங்கின் நீர்மட்டம் குழாய்க்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு). ஆறு மீட்டர் என்றால் 0.6 பார். மாடி ஷவருக்கு மேலே ஒரு மீட்டரில் டேங்க் இருந்தால் 0.1 பார்தான். அங்கே எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் ஷவர் பீறிடாது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, கோளாறு டேங்குக்கு முன்னாலா பின்னாலா என்பது. ஒரே வாளியை டேங்குக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்துப் பார்த்தேன், முகப்புக் குழாயிலும் பிடித்துப் பார்த்தேன். பின்கட்டில் மளமளவென நிறைந்தது. முகப்பில் நின்று கால் வலித்ததுதான் மிச்சம். ஆக, இடையில் போகும் பைப்பில்தான் விஷயம்.

நம் செட்டிநாட்டு வீடுகள் இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கட்டியவை. அந்த நீளம் முழுக்க அரை இஞ்ச் இரும்பு பைப் ஓடியிருந்தது. ஒரு துண்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே துரு கட்டி, சுண்டுவிரல்கூட நுழையவில்லை. உலோக அரிப்பை ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. பக்கத்திலேயே எங்கள் வீட்டு பைப் இப்படி! அதே அளவு தண்ணீர் போக வேண்டுமானால், உள்விட்டம் பாதியாகும்போது உராய்வில் இழக்கும் அழுத்தம் முப்பது மடங்குக்கு மேல் ஏறிவிடும். நீளமான வீட்டில் அரை இஞ்ச் போட்டவரை என்ன சொல்வது.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கவோ பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தவோ எனக்கு மனசில்லை. அந்தப் பூச்சைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது லேசில்லை. சந்துப் பக்கச் சுவரின் வெளியே ஒரு இஞ்ச் பைப் இழுத்து, குழாய் வரும் இடத்தில் மட்டும் அரை இஞ்சாகக் குறைத்தோம். பழைய பைப்பை அப்படியே விட்டுவிட்டோம். மோட்டார் இன்னும் அதேதான்.

தேவகோட்டையிலிருந்து:

எங்களுக்கு டேங்குக்கு முன்னால்தான் கோளாறு, அண்ணே. கிணற்று மேட்டில், மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாக இணைந்த மோனோபிளாக் மோட்டார். தை மாதம் நன்றாக ஏற்றும், சித்திரையில் இழுக்கவே இழுக்காது. மெக்கானிக், உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது என்றார். நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்தால் எட்டு மீட்டருக்குக் கீழே. மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் கிணற்றுத் தண்ணீர் மேல் இருக்கிற காற்றின் அழுத்தம்தான் அதை மேலே தள்ளிவிடுகிறது. கணக்குப்படி அதன் எல்லை 10.3 மீட்டர். நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே திணறும். கிணற்றுக்குள் மூழ்கி நிற்கும் ஓப்பன்வெல் மோட்டார் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. தண்ணீர் விட்டு விட்டுத் துப்பிக்கொண்டு வந்தால் உறிஞ்சும் பைப்பில் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். போடும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி பிரைமிங் செய்ய வேண்டியிருந்தால், உறிஞ்சும் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வைப் பாருங்கள்.

கண்டனூர் ஆச்சி:

தம்பி, நான் சின்னதாகச் சொல்கிறேன். டேங்கைக் கழுவி விட்ட மறுநாள் அடுப்படிக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. பைப்பில் காற்று அடைத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் கண்டுபிடித்தான். நன்றாக வரும் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு, அடைத்த குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டதும் சரியாகிவிட்டது. டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில், டேங்கை விட உயரமாக ஒரு காற்றுப்போக்கிக் குழாய் நிறுத்தச் சொன்னான். இருபது வருசமாக யாரும் வைக்கவில்லை. வால்வின் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தாலும் உள்ளே தகடு கழன்று அடைத்துக் கிடக்குமாம், அதையும் பாருங்கள்.

காரைக்குடி, புது வீடு:

எங்களுக்கு மேல்டேங்க் கிடையாது. தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியிலிருந்து பிரஷர் பம்ப். குழாயைத் திறந்தால் மோட்டார் நொடிக்கொரு தரம் ஓடும், நிற்கும். வேகமும் ஏறி இறங்கும். கூட இருக்கும் சின்ன உருளையில் காற்று போயிருந்தது. மின்சாரத்தை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, டயர் காற்று பார்க்கும் கருவியால் அளக்க வேண்டும். மோட்டார் தொடங்கும் அழுத்தத்தை விட 2 பி.எஸ்.ஐ. குறைவாக வைப்பது முறை. 20இல் தொடங்கினால் 18. காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது, காற்று அடித்துப் பயனில்லை.

புதுவயலிலிருந்து:

போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு. டேங்க் நிறைய வழக்கத்தை விட அதிக நேரம் ஆகிறதா? ராத்திரி ஊர் அடங்கியதும் மோட்டாரைப் போட்டு, துளையின் சுவராக நிற்கும் கேசிங் பைப்பின் வாயில் காது வையுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால் தண்ணீர் ஏற்ற உள்ளே இறக்கிய பைப்பில் ஓட்டையாக இருக்கலாம். நீர்மட்டத்துக்கு மேலே ஊற்று ஒழுகினாலும் அப்படிக் கேட்கும், ஆனால் அது மோட்டாரை நிறுத்தினாலும் நிற்காது. எங்கள் வீட்டில் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மேலே தூக்கிப் பார்த்தபோது ஒரு ஜாயின்ட்டில் விரிசல்.

பள்ளத்தூர்க்காரன்:

நிறுத்திப் பார்க்கிற யோசனை நல்லா இருக்கு. எங்கள் அக்கா வீட்டு போர்வெல்லுக்கும் இதைச் சொல்கிறேன், அங்கே மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏற மறுக்கிறது. மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும் என்று மச்சான் சொல்கிறார். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் கை வைக்க வேண்டாம்.